ஐரிஷ் ஹார்ப் அறுபடாத மரபா?

கேள்வி இதுதான்: அயர்லாந்தின் யூரோ நாணயத்திலும் பாஸ்போர்ட்டிலும் ஒரு ஹார்ப் (நம் யாழ் போன்ற நரம்பிசைக் கருவி) இருக்கிறது. இன்று அந்நாட்டு மேடைகளில் வாசிக்கிற ஹார்ப்பும் அதுதானா? அந்த மரபு இடைக்காலத்திலிருந்து அறுபடாமல் வந்ததா, நடுவில் செத்துப்போய்ப் பிறகு உயிர்ப்பித்ததா?

இரண்டும் ஒரே கருவி அல்ல. நாணயத்தில் இருப்பது உலோகக் கம்பி கட்டிய, விரல் நகத்தால் மீட்டிய பழைய ஹார்ப். மேடைகளில் பெரும்பாலும் நீங்கள் கேட்பது நைலான் அல்லது குடல் நரம்பு கட்டி, விரல் நுனிச் சதையால் வாசிக்கும் கருவி. அது பிறந்தது ஏறத்தாழ 1819இல், டப்ளினில் ஒரு கருவி செய்பவரின் பட்டறையில். முதலாவது கருவியின் குரு–சீட மரபு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அறுந்துவிட்டது. இரண்டாவது நலிந்தாலும் நிற்கவில்லை. ஆகவே "மறுமலர்ச்சி" என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு தனித்தனிக் கதைகள் இருக்கின்றன. அவற்றைக் கலந்து சொல்வதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம்.

பழைய கருவியிலிருந்து தொடங்குகிறேன். ஐரிஷ் மொழியில் கிளார்ஷக் என்பார்கள். அதன் ஒலிப்பெட்டியைப் பலகைகளை ஒட்டிச் செய்யமாட்டார்கள். ஒரே மரத்துண்டை, வழக்கமாக வில்லோ மரத்தை, பின்பக்கத்திலிருந்து குடைந்து எடுப்பார்கள். முன்னால் வளைந்த கனத்த தூண். கம்பி பெரும்பாலும் பித்தளை. உலோகக் கம்பியின் இழுவையைத் தாங்க இந்தக் கனம் தேவைப்பட்டது. இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பழைய நூலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறதே, அதுதான் நாணயத்துக்கு மாதிரி. 29 கம்பிகளுக்கானது. மக்கள் அதைப் பிரையன் போரு மன்னரின் ஹார்ப் என்பார்கள். அவர் 1014இல் குளோன்டார்ஃப் போரில் இறந்தவர். கருவியோ 14 அல்லது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எனவே அவர் அதைத் தொட்டிருக்க வழியே இல்லை. அதே காலத்து வேறு இரண்டு ஹார்ப்கள் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்கும் அன்று இது பொதுவான கருவி.

அதன் ஒலியைப் புரிந்துகொள்ளாமல் இந்த வரலாறு பிடிபடாது. பித்தளைக் கம்பியை நகத்தால் மீட்டினால் நாதம் மணியோசை போல நெடுநேரம் நிற்கும். அதை அப்படியே விட்டால் முன் ஸ்வரமும் பின் ஸ்வரமும் மோதி இரைச்சலாகிவிடும். அதனால் மீட்டுவதைப் போலவே நிறுத்துவதும் வித்தை. எந்தக் கம்பியை ஒலிக்க விடுவது, எதை எந்த விரலால், எந்தக் கணத்தில் தொட்டு அடக்குவது என்பதில்தான் வாசிப்பவரின் தேர்ச்சி முழுவதும் இருந்தது. கருவியை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் மேல் ஸ்வரங்களையும் வலது கையால் கீழ் ஸ்வரங்களையும் வாசித்தார்கள். இன்றைய ஹார்ப் வாசிப்புக்கு இது நேர் எதிர். 1180களில் அயர்லாந்துக்கு வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்டுக்கு ஐரிஷ்காரர்களிடம் பிடித்தது மிகக் குறைவு. அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்றே எழுதியவர். அவரே கருவி வாசிப்பில் மட்டும் தாம் கண்ட எந்த நாட்டாரும் இவர்களுக்கு ஈடில்லை என்று எழுதிவைத்தார். விரல்களின் வேகத்துக்கு நடுவிலும் லயம் குலையாததைக் குறிப்பாக வியந்தார். பாராட்டும் பழக்கமில்லாதவர் பாராட்டியது என்பதால் அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம்.

அந்த வித்தையைச் சுமந்தது ஒரு சமூக அமைப்பு. கேலிக் (ஐரிஷ் மொழி பேசிய) சிற்றரசரின் கூடத்தில் புலவர் பாட்டைக் கட்டுவார், அதைச் சொல்வதற்குத் தனியாக ஒருவர் இருப்பார், அவர் சொல்லும்போது ஹார்ப்காரர் வாசிப்பார். மூவருக்கும் சோறு போட்டவர் புரவலர். 1601இல் ஆங்கிலேயரிடம் கின்சேல் போரில் தோல்வி, 1607இல் வடக்கே அல்ஸ்டர் பகுதிப் பிரபுக்கள் ஐரோப்பியக் கண்டத்துக்குத் தப்பியோடியது, அதன்பின் நிலப்பறிப்பு, குடியேற்றம், ஆங்கிலத் தளபதி குரோம்வெல்லின் படையெடுப்பு என்று அந்த நூற்றாண்டு முழுவதும் புரவலர் வர்க்கமே பெயர்த்தெடுக்கப்பட்டது. "ஹார்ப்காரர்களைக் கண்ட இடத்தில் தூக்கிலிடு என்று எலிசபெத் ராணி ஆணையிட்டாள்" என்ற கதையைப் பல இடங்களில் படிப்பீர்கள். ஹார்ப்காரர்கள் மீது அடக்குமுறை இருந்தது உண்மை. ஆனால் மரபைக் கொன்றது தூக்குக்கயிறு என்பதைவிட வீடிழப்பு என்பதே சரி. வாசிக்கக் கூடம் இல்லை, கேட்க ஆள் இல்லை. ஒலியை அடக்கிய அதே ஆட்சி உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1534இலேயே அயர்லாந்து நாணயத்தில் கிரீடம் வைத்த ஹார்ப்பை அச்சிட்டுவிட்டார். அன்றிலிருந்து ஹார்ப் சின்னமாக வளர்ந்தபடியே இருந்தது, வாசித்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

18ஆம் நூற்றாண்டின் ஹார்ப்காரர் ஊர் ஊராகக் குதிரையில் போகிறவர். மிஞ்சியிருந்த பழைய குடும்பங்களின் வீட்டிலும், புதிதாக வந்த நிலக்கிழார்களின் வீட்டிலும் சில நாள் தங்கி வாசித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். அவர்களில் பலர் பார்வையற்றவர்கள். அம்மை கண்ணைப் பறித்தால் குழந்தைக்குப் பிழைக்க ஒரு தொழில் வேண்டுமே என்று ஹார்ப் கற்கவைப்பார்கள். டர்லோ ஓ'காரலன் அப்படி வந்தவர்தான். 1670இல் மீத் மாவட்டத்தில் பிறந்து, பதினெட்டு வயதளவில் அம்மையில் பார்வை போனது. மக்டெர்மட் ரோ குடும்பத்து அம்மையார் மூன்று ஆண்டுகள் ஹார்ப் கற்கவைத்து, குதிரையும் வழித்துணைக்கு ஆளும் கொடுத்து அனுப்பினார். தாமதமாகத் தொடங்கியதால் அவர் விரல் வித்தையில் முதல் வரிசைக்காரர் இல்லை. முதலில் போன வீட்டில் ஒரு பெரியவர், "வாசிப்பதைவிட மெட்டுப் போட்டுப் பார்" என்றாராம். போட்டார். 1738இல் இறக்கும்வரை போட்ட மெட்டுகளில் இருநூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலானவை தங்கவைத்த வீட்டாரின் பெயரில். டப்ளினில் அப்போது கோரெல்லி, விவால்டியின் இத்தாலிய இசை கோலோச்சியது. அந்தச் சாயலும் ஐரிஷ் ஓசையும் அவரிடம் சேர்ந்தே ஒலிக்கும். இன்று "பழமையான ஐரிஷ் ஹார்ப் இசை" என்று இணையத்தில் வருவதில் பெரும்பகுதி அவருடையது. அது மிகவும் அழகான இசை. ஆனால் அது பழமையின் கடைசி அலை, அவர் காலத்தில் புதுமை. அவரைவிட மூத்த மரபில் ஊறிய ஹார்ப்காரர்கள் சிலர் அவர் மெட்டுகளை ஒதுக்கியே வைத்தார்கள்.

அப்படி ஒதுக்கியவர் டெனிஸ் ஹெம்ப்சன். இந்த வரலாற்றில் ஒரே ஒருவரை மட்டும் நினைவு வைத்துக்கொள்வதென்றால் நான் அவரைத்தான் சொல்வேன். பிறந்தது 1695. மூன்று வயதில் அம்மை, பார்வை போனது. பன்னிரண்டு வயதில் அவருக்கு முதல் பாடம் சொன்னவர் பிரிஜிட் ஓ'கஹன் என்ற பெண்மணி. 1702இல் கோர்மக் ஓ'கெல்லி செய்த ஹார்ப்பை வைத்துக்கொண்டு அயர்லாந்து, ஸ்காட்லாந்து முழுவதும் சுற்றினார். 1745இல் எடின்பரோவில், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிப் படை திரட்டிய சார்லஸ் எட்வர்ட் இளவரசர் முன் வாசித்தார்.

1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் கூட்டினார்கள். மருத்துவர் ஜேம்ஸ் மக்டொனல் அதில் முக்கியமானவர். நாட்டில் எஞ்சியிருக்கும் ஹார்ப்காரர்கள் அனைவரும் வரவேண்டும், பரிசு உண்டு, வாசிப்பை ஸ்வரப்படுத்தி எழுத ஆள் போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்தார்கள். நாடு முழுவதிலுமிருந்து வந்தவர்கள் பத்துப் பேர், அவர்களோடு வேல்ஸ்காரர் ஒருவர். பெரும்பாலோர் முதியவர்கள். ரோஸ் மூனி மட்டுமே பெண். அதே வாரம் பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறை வீழ்ந்த நாளை நகரமே கொண்டாடிக்கொண்டிருந்தது. ஹார்ப்பைத் தங்கள் சின்னமாகவும் "புதுக்கம்பி கட்டியாயிற்று, இனிக் கேட்கும்" என்பதைத் தங்கள் முழக்கமாகவும் வைத்திருந்த ஐக்கிய ஐரிஷ்காரர்கள் என்ற, ஆங்கில ஆட்சியை எதிர்த்த அமைப்பின் தலைவர்களில் ஒருவரான வுல்ஃப் டோன் அங்கே வந்தார். தம் நாட்குறிப்பில், மறுபடியும் ஹார்ப்காரர்கள், மீட்டிக்கொண்டே தொலையட்டும் என்ற தொனியில் எரிச்சலாக ஒரு வரி எழுதினார். சின்னத்தை நேசிப்பதும் ஒலியைக் கேட்க உட்காருவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பரிசு பத்து கினி சார்லஸ் ஃபானிங்குக்குப் போனது. அவர் வாசிப்பில் சிறந்தவர் என்பதற்காக அல்ல, அன்று பியானோ கற்கும் இளையோரிடையே பிரபலமாக இருந்த ஒரு மெட்டைப் புதுபாணி மாற்றங்களோடு வாசித்ததற்காகக் கிடைத்தது என்று பின்னாளில் எழுதினார், அங்கே வாசிப்பை ஸ்வரப்படுத்த அமர்த்தப்பட்ட எட்வர்ட் பன்டிங். தொண்ணூற்றேழு வயதில் வந்த ஹெம்ப்சன் ஒருவர்தான் அங்கே நீண்ட நகங்களால், பழைய முறையில் வாசித்தவர். மற்றவர்கள் எல்லாரும் விரல் நுனிச் சதைக்கு மாறியிருந்தார்கள். பன்டிங்குக்கு அப்போது வயது 19. தேவாலய ஆர்கன் வாசிப்பவர். அந்த முதியவரின் விரல்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. பின்னர் மெகில்லிகனில் ஹெம்ப்சனின் வீடு தேடிப் போய் எழுதினார். மிகப் பழைய உருப்படிகளைக் கேட்டால் கிழவர் மறுப்பாராம். கற்பதற்குக் கடினமானவை, வாசித்தால் வலிக்கும் நினைவுகள் வருகின்றன, எதற்கு என்பாராம். கெஞ்சி வாங்கியவற்றுள் சுருதி சேர்ந்ததா என்று பார்க்க வாசிக்கும் ஒரு முன்னுரை வாசிப்பும் ஒன்று. ஹெம்ப்சன் 1807இல், 112 வயதில் இறந்தார். அவருடைய ஹார்ப் இன்று பீர் தயாரிக்கும் கின்னஸ் நிறுவனத்தின் உடைமை. அந்நிறுவனம் 1876இல் ஹார்ப்பை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டதால், 1922இல் பிறந்த ஐரிஷ் சுதந்திர அரசு தன் சின்னத்தை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது.

பன்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் முடிச்சு அவரிடம் இருக்கிறது. அவர் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். கடைசி இரண்டும் 1809, 1840இல் வந்தன. மூன்றுமே பியானோவுக்கு. மெட்டுகளைப் பியானோவுக்கு வசதியான சுருதிக்கு மாற்றி, இடது கைக்குத் தம் காலத்து ரசனைப்படி புதிதாகக் கட்டினார். 1802இல் பாட்டு வரிகளைத் திரட்ட பாட்ரிக் லிஞ்ச் என்ற ஐரிஷ் புலமையாளரைக் கன்னாக்ட் பகுதிக்கு அனுப்பினார். மறுவருடம் ஐக்கிய ஐரிஷ்காரர் தாமஸ் ரஸ்ஸலின் விசாரணையில் லிஞ்ச் அரசுத் தரப்புச் சாட்சியாக நிறுத்தப்பட்டார். ரஸ்ஸல் தூக்கிலிடப்பட்டார். லிஞ்ச் திரட்டிய ஐரிஷ் வரிகள் பன்டிங்கின் தொகுதிகளில் அச்சேறவில்லை. பாட்டுகள் தம் ஐரிஷ் சொற்களை இழந்து வெளிவந்தன. பன்டிங்கின் மெட்டுகள் பலவற்றுக்குத் தாமே ஆங்கில வரிகள் போட்டு 1808 முதல் தாமஸ் மூர் வெளியிட்ட பாடல்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. பணமும் புகழும் மூருக்குப் போயின.

அச்சான புத்தகங்கள் இப்படி. ஆனால் பன்டிங் முதியவர்கள் அருகில் உட்கார்ந்து அவசரமாக எழுதிய குறிப்பேடுகள் தனியே தப்பின. இன்று அவை பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றில் பியானோவும் இல்லை, அலங்காரமும் இல்லை. அவர் அன்று காதால் கேட்டதும் கையால் கிறுக்கியதும்தான். 1840 தொகுதியிலும் ஒரு பொக்கிஷம் ஒளிந்திருக்கிறது. எந்த விரல் அசைவுக்கு ஹார்ப்காரர்கள் என்ன பெயர் சொன்னார்கள், எந்தக் கம்பியை எப்படி அடக்கினார்கள் என்று ஐரிஷ் பெயர்களோடு ஒரு பட்டியல். அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கருவியைக் காப்பாற்ற முயற்சிகள் நடக்காமலும் இல்லை. 1808இல் பெல்ஃபாஸ்ட்டில் ஒரு ஹார்ப் சங்கம் தொடங்கி, 1792 விழாவில் வாசித்த ஆர்தர் ஓ'நீலை ஆசிரியராக வைத்துப் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஓ'நீலும் பார்வையற்றவர். அவர் வாயால் சொல்லி எழுதவைத்த வாழ்க்கைக் குறிப்புதான் அந்த ஊர்சுற்றி உலகத்துக்கு நமக்குக் கிடைத்த ஒரே உள்ளிருந்து எழுந்த குரல். 1813இல் பணம் தீர்ந்து சங்கம் நின்றது. 1819இல் மீண்டும் உயிர் பெற்றது எங்கிருந்து வந்த பணத்தால் தெரியுமா? கல்கத்தாவிலிருந்து. கம்பெனி ஆட்சியில் வங்காளத்தில் இருந்த ஐரிஷ்காரர்கள் திரட்டி அனுப்பிய ஆயிரம் பவுண்டுக்கும் மேலான தொகை அந்தப் பள்ளியை 1830களின் இறுதிவரை நடத்தியது. இந்திய மண்ணில் கிடைத்த வருமானம் அயர்லாந்தின் கடைசிக் கம்பி ஹார்ப் மாணவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அந்தத் தலைமுறையில் பெரும்பெயர் எடுத்தவர் பாட்ரிக் பெர்ன். 1845இல் எடின்பரோவில் ஹில், ஆடம்சன் இருவரும் ஹார்ப்போடு அவரைப் புகைப்படம் எடுத்தார்கள். 1863இல் அவர் இறந்தார். கை வழி கற்ற மரபு ஏறத்தாழ அவரோடு முடிந்தது.

இதற்கிடையில்தான் இரண்டாவது கருவி வந்தது. டப்ளினில் ஜான் ஈகன் என்பவர் 1819 வாக்கில் சிறிய, எடை குறைந்த, குடல் நரம்பு கட்டிய ஒரு ஹார்ப்பைச் செய்தார். வளைந்த தூண் பார்வைக்குப் பழைய ஐரிஷ் ஹார்ப், ஒலியிலும் கட்டுமானத்திலும் ஐரோப்பிய பெடல் ஹார்ப்பின் (காலால் மிதித்துச் சுருதி மாற்றும் பெரிய ஹார்ப்பின்) தங்கை. அரை ஸ்வரம் மாற்றச் சிறு விசைகள். பணக்கார வீட்டு வரவேற்பறையில் பெண்கள் பாடிக்கொண்டே வாசிக்க ஏற்றது. இன்றைய ஐரிஷ் ஹார்ப்புக்குத் தாய் இதுதான். 1893இல் ஐரிஷ் மொழியை வளர்க்கக் கேலிக் லீக், 1897இல் ஃபெஷ் கியோல் இசைப்போட்டி என்று தேசிய எழுச்சி வந்தபோது மேடையேறியது இதன் வாரிசு. பெல்ஃபாஸ்ட்டில் ஜேம்ஸ் மக்ஃபால் அழகான வேலைப்பாட்டோடு செய்து கொடுத்தார். பிறகு அரை நூற்றாண்டு இதைச் சுமந்தவர்கள் கன்னியாஸ்திரீகள். லொரெட்டோ, டொமினிக்கன் மடத்துப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் பாட்டுக்குத் துணையாக ஹார்ப் கற்றார்கள். மேரி ஓ'ஹாரா அப்படி வந்தவர். 1960இல் ஹார்ப் ஆர்வலர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தப் பள்ளி ஹார்ப்பை மரபுக்குப் புறம்பானது என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யாருமே கவனிக்காத காலத்தில் ஒரு கருவியைப் பிள்ளைகள் கையில் வைத்திருந்தது சிறிய காரியம் அல்ல.

இந்தக் கருவிக்கு இருந்த ஒரே குறை, நாட்டின் உயிருள்ள நடன இசையோடு அது சேரவில்லை. ரீல், ஜிக் எல்லாம் ஃபிடில், குழல், பைப் ஆகியவற்றின் இசை. அவற்றின் நுணுக்கச் சுழிகள் ஹார்ப்பில் வராது என்றே நினைத்தார்கள். 1970களில் கார்க் மாவட்டத்து மாய்ரா நீ ஹஹசி அந்தச் சுழிகளுக்கு ஹார்ப்பில் விரல் வழி கண்டுபிடித்தார். அதன்பின் ஹார்ப் துணைக்கருவியாக இருந்த நிலை போய்விட்டது. அவருக்குப் பின் வந்த லீஷா கெல்லி, மைக்கேல் ரூனி போன்றோரின் வாசிப்பைக் கேட்டால் இது புரியும். சீஃப்டன்ஸ் என்ற ஐரிஷ் இசைக் குழுவில் டெரெக் பெல் உலகம் முழுக்க ஹார்ப் ஒலியைக் கொண்டுபோனதும் இதே பத்தாண்டில்தான்.

பழைய கம்பி ஹார்ப்பின் மறுபிறப்பு இதற்கு இணையாக, மிக மெதுவாக நடந்தது. 1960களில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரீடா தம் குழுவில் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) வாசித்தார். கம்பி ஹார்ப்பின் ஒலிக்கு அதுவே நெருக்கம், வாசிக்க ஆள் இல்லை என்பதே காரணம். டப்ளினில் க்ரோனியா யேட்ஸ் கம்பி ஹார்ப்பை மீண்டும் கையில் எடுத்து, பன்டிங்கின் உருப்படிகளைப் பதிவு செய்தார். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன் ஹேமன் நகம் வளர்த்து, 1840 பட்டியலில் இருந்த விரல் அசைவுகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் சோதித்து, 1988இல் அந்த முறைக்கே ஒரு பாடநூல் எழுதினார். நூற்றைம்பது ஆண்டாகக் காகிதத்தில் கிடந்த பட்டியல் மறுபடி கைக்கு வந்தது. 2002இல் ஷிவான் ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கிய வரலாற்று ஹார்ப் சங்கம் கில்கென்னியில் கோடைப் பள்ளி நடத்தியது. அங்கே பழைய ஹார்ப்களின் அச்சு அசலான பிரதிகளைச் செய்யவைத்து, பன்டிங்கின் அச்சுப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுக் குறிப்பேட்டிலிருந்து பாடம் நடத்தினார்கள். என்னைக் கேட்டால், உண்மையான மீட்பு தொடங்கியது இந்த இடத்தில்தான். மெட்டு ஒருபோதும் தொலையவில்லை, அச்சில் இருந்துகொண்டேதான் இருந்தது. தொலைந்தது கை. அந்தக் கைக்கு மிச்சமிருந்த தடயம் கிறுக்கல்களிலும் அந்த விரல் பட்டியலிலும் மட்டுமே இருந்தது.

2019இல் யுனெஸ்கோ ஐரிஷ் ஹார்ப் வாசிப்பை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த அங்கீகாரம் இரண்டு கருவிகளுக்கும் பொது. இன்று அயர்லாந்தில் அக்டோபர் மாதம் ஹார்ப்புக்கென்றே ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். நைலான் ஹார்ப் கற்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். கம்பி ஹார்ப் வாசிப்பவர்கள் இன்னும் சிறு கூட்டம்தான்.

இன்னும் தீராத கேள்விகளும் உண்டு. ஓ'காரலன் மெட்டுகளில் பெரும்பாலானவை ஒற்றை ஸ்வர வரிசையாகவே நமக்கு வந்திருக்கின்றன. அவருடைய வலது கை கீழ்க்கம்பிகளில் என்ன செய்தது என்பதை எழுதிவைத்தவர் இல்லை. அதனால் இன்று அவற்றை வாசிக்கும் ஒவ்வொருவரும் பாதியைத் தாமே கட்டுகிறார்கள். சிலர் பரோக் பாணியில், அதாவது அக்கால ஐரோப்பிய அலங்கார இசைப் பாணியில், நிறைய சேர்க்கிறார்கள். சிலர் ஹெம்ப்சனிடம் எழுதிய குறிப்புகளைப் பார்த்து, கீழே ஒன்றிரண்டு கம்பிகளை மட்டும் ஒலிக்கவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் இரண்டாவது வழியின் பக்கம். பித்தளைக் கம்பி தன் நாதத்தாலேயே இடத்தை நிரப்பிவிடும், மேலும் ஸ்வரங்களைக் கொட்டினால் மெட்டு மூழ்கும்.

கேட்க விரும்பினால் ஒரே மெட்டை இரண்டு கருவியிலும் தேடிக் கேளுங்கள். ஓ'காரலனின் முதல் மெட்டு என்று சொல்லப்படும் "ஷீ வெக், ஷீ வோர்" இதற்கு நல்லது. நைலானில் நிறையப் பதிவுகள் கிடைக்கும், கம்பியில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். கற்க விரும்பினால் நைலான் ஹார்ப்பில் தொடங்குவது எளிது, ஆசிரியர்கள் இணையத்திலேயே கிடைக்கிறார்கள். ஆனால் கம்பி ஹார்ப்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் நைலானில் பழகிவிட்டு மாறலாம் என்று எண்ணாதீர்கள். தோள், கை, நகம், அடக்கும் முறை எல்லாமே வேறு, பழகிய கையை மறக்கவைப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். நேராகக் கம்பியிலேயே தொடங்குங்கள், முதல் பாடமாக மீட்டுவதைக் கேட்காமல் அடக்குவதைக் கேளுங்கள்.